தூங்கினேன் என்று எழுதியவர்

ஜெனரேட்டரை ஓடவிட்டதும் அவர் நேராகப் படகின் இடதுபக்க விளிம்புக்குப் போவார். வயிற்றை மரத்தில் அழுத்திக் குனிந்து எட்டிப் பார்ப்பார். கடல் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே புகைக்குழாயின் வாய் இருக்கும். புகையோடு சேர்ந்து தண்ணீர் அதன் வழியே துப்பித் துப்பி வெளியே வரவேண்டும். வந்தால் நிமிர்ந்து "வருது" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். யாருக்காகச் சொல்கிறார் என்றும் தெரியாது. பிறகு இடுப்பில் செருகியிருக்கும் நீள நோட்டை எடுத்து மணியைப் போட்டு, 'தண்ணி நல்லா வருது' என்றோ 'கம்மியா வருது' என்றோ எழுதுவார்.

2006இல் அந்தப் படகில் நான் முதல்முறை ஏறினேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொல்லை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் யாருக்கும் கடலோடு ஒரு பழக்கமும் கிடையாது. வேதியியல் படித்துவிட்டு, சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜில் அறை. கடலூரிலிருந்து கொள்ளிடம் வரைக்கும் கடல் தண்ணீர், சேறு, மீன் ஆகியவற்றை மழைக்கு முன்னும் பின்னும் எடுத்துச் சோதிப்பதுதான் எங்கள் ஆய்வகம் ஏற்றிருந்த வேலை. அதற்காகக் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஒரு படகை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மாதிரிகளை உறைநிலையில் வைக்க அதில் ஒரு பெரிய ஃப்ரீசர் இருந்தது. அது ஓட ஜெனரேட்டர், ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள அவர். படகை ஓட்டுபவரை டிரைவர் என்றும் இவரை மெக்கானிக் என்றும் கூப்பிட்டார்கள். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரை ஒருமுறை அவர் அனுமதியில்லாமல் எழுதியிருக்கிறேன், அது போதும்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். இடது முன்கையில் என்றைக்கோ கொதிநீர் பட்டுத் தோல் வெளுத்திருந்தது. கண்ணாடியை வலை நரம்பில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கடலூருக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரர்.

அவரைப் பற்றி நான் முதலில் தெரிந்துகொண்டது ஒரு பெல்ட் விஷயத்தில். கிளம்புவதற்கு முன் ஜெனரேட்டரின் கூலிங் பம்பிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கடல் தண்ணீரை உறிஞ்சி இஞ்சினைச் சுற்றி ஓடவிட்டு வெளியே தள்ளுவது அந்தப் பம்புதான். அது நின்றால் ஜெனரேட்டர் சூடேறி நின்றுவிடும். பயணம் ரத்து. படகு முதலாளி கரையிலேயே நின்றிருந்தார். "என்னாத்துக்கு ஒழுகுது?" என்று கேட்டார்.

"நான்தான் மொதலாளி. பெல்ட் லூசா இருக்குன்னு நேத்து ஜாஸ்தி இழுத்து முறுக்கிட்டேன். பேரிங் போயிடுச்சு" என்றார் இவர்.

முதலாளி நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனார். அவர் போனபிறகு டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "பேரிங் பழசுன்னு சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்ல மச்சான்? அவருக்கு என்னா தெரியும்?"

"பழசு இல்லியே. போன மாசம்தான் போட்டது."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் பெருமை எதுவும் இல்லை. டிரைவருக்கு ஞாபகமில்லை என்று நினைத்து நினைவூட்டியதுபோலத்தான் இருந்தது.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். கூடவே இருந்து பார்த்தால்தான் அந்த அலுப்பு தெரியும். கடலில் எனக்குத் தலைசுற்றலும் வாந்தியும் நிற்கவே இல்லை. மூன்றாவது பயணத்தில், நான்காவது இடத்தில் தண்ணீர் எடுக்க எழுந்து நிற்கக்கூட முடியாமல், மூன்றாவது இடத்தில் எடுத்ததையே இரண்டு பாட்டிலாகப் பிரித்து ஊற்றிச் சீட்டு ஒட்டிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். மறுநாள் காலை பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நேத்து மூணு எடத்துலதான் தண்ணி எடுத்தீங்க. பெட்டியில நாலு பாட்டில் இருக்குது."

"ஒடம்பு முடியலண்ணே."

"அதான் பாத்தேனே. முடியலன்னே எழுதிடுங்க. வாந்தி, எடுக்க முடியலன்னு."

அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை, மிரட்டவும் இல்லை. நான் பாட்டிலைக் கொட்டிவிட்டு அப்படியே எழுதினேன். அன்றிலிருந்து அவர் எதிரில் எனக்கு ஒரு கூச்சம் வந்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்க்கப் பார்த்தேன்.

2008 மழைக்காலம் வந்தது. முந்தைய மூன்று பருவங்களின் மாதிரிகளும் ஆய்வகத்தில் பத்திரமாக இருந்தன. வெள்ளத் தண்ணீர் கடலில் கலக்கும்போது எடுக்கவேண்டிய மாதிரி மட்டும் பாக்கி. அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷ மழை வரைக்கும் காத்திருக்கவேண்டும். அறிக்கை தள்ளிப்போனால் வேலையை வேறு ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று எங்கள் இயக்குநர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை நிரந்தரமாக்குவதும் அதோடு பிணைந்திருந்தது. எனக்குப் பெண் பார்த்து, தையில் நிச்சயம் என்று பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: வேலை பர்மனென்ட்டா?

நான்கு நாள் பயணம். மூன்றாம் நாளுக்குள் வேண்டியதெல்லாம் எடுத்தாயிற்று. ஃப்ரீசர் நிறைந்துவிட்டது. அன்று காலை கொள்ளிட முகத்துவாரத்துக்கு வெளியே நின்றிருந்தோம். கடல் செம்மண் நிறத்தில் இருந்தது. வாழைமரம், பிளாஸ்டிக் குடம், கொத்துக் கொத்தாக ஆகாயத்தாமரை என்று ஆறு அடித்துக்கொண்டு வந்ததெல்லாம் படகைச் சுற்றி மிதந்தது. இரண்டு நாளாக விடாத மழை. படகுக்குள் இறங்கிய தண்ணீரை இறைத்து இறைத்து அவர் கண் சிவந்திருந்தது. மணிக்கு ஒருமுறை ஜெனரேட்டரின் தண்ணீர் வடிகட்டியைத் திறந்து குப்பையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் படுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று நான்தான் சொன்னேன்.

"சத்தம் மாறினா எழுப்புங்க" என்று சொல்லி, இஞ்சின் அறை வாசலிலேயே சாய்ந்தார். சாய்ந்தவுடன் தூங்கிவிட்டார்.

நான் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வயிறு புரட்டியது. படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் மாறியது என் காதில் விழுந்தது. தண்ணீரோடு சேர்ந்து வரும் கொடகொடப்பு போய், வறட்டு இருமல் மாதிரி ஒரு சத்தம். அலை மாறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்திருந்தேன். எழுந்திருக்க மனசில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. அவர் தாண்டி ஓடியபோது அவர் கால் என்மேல் பட்டது. அடுத்த நொடி ஜெனரேட்டர் நின்றது. ரப்பர் கருகிய வாடை வந்தது.

அவர் யாரையும் திட்டவில்லை. வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். படகின் அடியில் கடல் தண்ணீர் நுழையும் வால்வு திறந்துதான் இருந்தது. வடிகட்டியைத் திறந்தார். ஆகாயத்தாமரை வேரும் ஒரு பால் பாக்கெட்டும் அடைத்துக்கொண்டு கிடந்தன. எடுத்துப் போட்டுவிட்டு ஓடவிட்டார். எட்டிப் பார்த்தார். "வரல" என்றார். உடனே நிறுத்தினார். பம்புக்கு வரும் ஓஸ் குழாயைக் கழற்றிப் பார்த்தார், பம்ப் வாய்வரைக்கும் தண்ணீர் வந்து நின்றது. பம்பின் மூடியைக் கழற்றினார். உள்ளே சுற்றும் ரப்பர் சக்கரம், இம்பெல்லர் என்பார்கள், அதற்கு எட்டு இதழ். தண்ணீரிலேயே ஊறிச் சுற்றுகிற வரைதான் அதற்கு உயிர். தண்ணீர் இல்லாமல் சில நிமிஷம் சுற்றினாலே கருகிப் பிய்ந்துபோகும். ஐந்து இதழ் பிய்ந்திருந்தது. கிடைத்த துண்டுகளைச் சாப்பாட்டுத் தட்டில் வைத்துப் பொருத்திப் பார்த்தார்.

"ரெண்டு கம்மியா இருக்குது. உள்ள போயிடுச்சு."

"புதுசு இருக்குல்ல, அதப் போட்டு ஓட்டு மச்சான்" என்றார் டிரைவர்.

புது இம்பெல்லர் போட்டு ஓட்டினார். தண்ணீர் வந்தது, நூல் மாதிரி. சூடு ஏறிக்கொண்டே போனது. நிறுத்தினார். அந்த இரண்டு துண்டும் வழியில் எங்கேயோ அடைத்துக்கொண்டிருந்தன. இஞ்சின் சூட்டைக் கடல் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் குழல்பெட்டியில் இருக்கும் என்று அதைப் பிரிக்க உட்கார்ந்தார். துருவேறிய போல்ட்டுகள். ஒன்று உடைந்தது. ஆடுகிற படகில் மூன்று மணி நேரம் போராடித் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

டிரைவர் படகைக் கடலூருக்குத் திருப்பினார். படகின் பெரிய இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. துறைமுகம் வந்து சேர்ந்தபோது கரையில் கரண்ட் இல்லை. மழையில் கம்பங்கள் சாய்ந்திருந்தன. மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் பம்புக்கு அடுத்த வளைவுக் குழாயில் அந்த இரண்டு துண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்ததைக் கண்டுபிடித்தார். ஓடவிட்டார். எட்டிப் பார்த்து "வருது" என்றார். ஃப்ரீசரின் முள் மைனஸ் இருபதில் இருக்கவேண்டியது, ப்ளஸ் மூன்றில் நின்றது. மீன் பொட்டலங்கள் கையில் கொழகொழத்தன.

அவர் நோட்டில் எழுதியதை அப்போதே பார்த்தேன். 'காலை 10.20க்கு வடிகட்டி பார்க்கவேண்டியது. படுத்தேன். தூங்கிவிட்டேன். 11.05க்கு எழுந்து நிறுத்தினேன். பம்ப் கருகியது. முதலில் தப்பான இடத்தைப் பிரித்தேன். மூணு மணி நேரம் வீண்.' கீழே மணிவாரியாக ஃப்ரீசரின் சூடு. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது அதில் இல்லை.

இயக்குநர் ஆய்வகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அறிக்கையோடு படகின் நோட்டுப் பக்கங்களையும் நகலெடுத்து இணைக்கவேண்டும். "மீனத் திரும்ப உறைய வெச்சாச்சுல்ல? நம்பர் பெரிசா மாறப்போறதில்ல. அந்த ஒரு பக்கம்தான் பிரச்சினை. நீ போய் பேசு. எப்படியாவது சரி பண்ணு."

கடலூர் பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அவர் குப்பத்துக்குப் போனேன். சுனாமி அலை வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. வரிசையாகப் புது கான்கிரீட் வீடுகள், எல்லாம் ஒரே நிறம். அவர் வீடு மட்டும் வரிசைக்கு வெளியே, ஒரு பக்கச் சுவர் இடிந்து, தார்ப்பாயும் தென்னங்கீற்றும் வைத்து மறைத்து இருந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி நாற்காலி போட்டுவிட்டு, நான் சுவரைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"எல்லாருக்கும் வூடு வந்துது தம்பி. எங்களுக்குத்தான் இல்ல. அலை வந்துட்டுப் போனப்பறம் ஆப்பீசருங்க வந்து, செவுரு அலையில வுழுந்துதான்னு கேட்டாங்க. ஆமான்னு ஒரு வார்த்த. ஊரே சொல்லிச்சு. இந்த மனுஷன், இல்ல சார், இது அதுக்கு முந்தின மழையில வுழுந்துது, அலை வாசல் வரைக்கும்தான் வந்துதுன்னாரு. அவுங்க எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. நான் இன்னும் இந்தத் தார்ப்பாய மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டு இருக்கேன்."

அவர் துண்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் வேறுமாதிரி எழுதித் தரவேண்டும், ஜெனரேட்டர் நிற்கவே இல்லை என்று.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு குரல் இளகிக் கேட்டார். "எனக்காகவா தம்பி இவ்ளோ தூரம் வந்தீங்க? தூங்கினேன்னு எழுதினதால என்ன வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்கன்னா?"

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். எனக்கு வேலை, எனக்குக் கல்யாணம் என்று சொல்லியிருக்கவேண்டும். அவர் அப்படி நினைத்துக்கொண்டால் காரியம் சுலபமாக முடியும் என்று தோன்றியது.

"ஆமாண்ணே" என்றேன்.

அவர் மனைவி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எழுதிக் குடுங்களேன். யாரு பெத்த புள்ளையோ, நமக்காக வந்து நிக்குது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சொரசொரவென்று இருந்தது. "மனசு நெறஞ்சி போச்சு தம்பி. ஆனா வேணாம். தூங்கினது நான். மாத்தி எழுதினா நாளைக்கு அந்தப் பம்பத் தொடும்போது எனக்கே கை வராது. வேல போனா போவட்டும். நீங்க எனக்காகப் பொய்யெல்லாம் எழுதாதீங்க."

குழம்பு ஊற்றிச் சாப்பிடச் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

திரும்பும் பஸ் முழுக்க அவர்மேல் கோபமாக வந்தது. மனைவியை ஒழுகும் வீட்டில் வைத்துவிட்டு இந்த மனிதர் யாருக்காக உண்மை பேசுகிறார் என்று நினைத்தேன். லாட்ஜ் பக்கத்துக் கடையில் அதே மாதிரி ஒரு நீள நோட்டு வாங்கினேன். இரண்டு நாள் உட்கார்ந்து அந்த மாதத்தை முழுக்க அவர் எழுத்தில் எழுதினேன். இரண்டு வருஷம் பார்த்த எழுத்து, சிரமமாக இல்லை. அந்த நாளில், 'தண்ணி நல்லா வருது' என்று மணிக்கொருமுறை எழுதினேன். கீழே அவர் பெயரைக் கையெழுத்தாகப் போட்டேன். நகலெடுத்து அறிக்கையில் வைத்தோம். தையில் நிச்சயம் நடந்தது. வேலையும் நிரந்தரமானது.

2009 சித்திரை வெயிலில், வேலையை எங்களுக்குக் கொடுத்தவர்கள் சரிபார்ப்பதற்காகச் சென்னையிலிருந்து ஒரு அம்மாவை அனுப்பினார்கள். மென்மையாகப் பேசுகிறவர். படகையும் பார்க்கவேண்டும் என்றார். கடலூர்த் துறைமுகத்தில் எல்லோரும் படகில் நின்றோம், இயக்குநர், முதலாளி, டிரைவர், நான். அந்த அம்மா ஃப்ரீசரைப் பார்த்துவிட்டு, நகலை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினார்.

"இந்த நோட் நீங்க எழுதறதுதானே?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து படித்தார். பக்கத்தைத் திருப்பினார். அந்த நாளுக்கு வந்ததும் நின்றார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. யாரோ தூக்கமுடியாத ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டதுபோல இருந்தது. நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இது என் எழுத்து இல்லம்மா" என்றார். இடுப்பிலிருந்த நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். "அன்னிக்கு நான் தூங்கிட்டேன். பம்ப் கருகிடுச்சு. எல்லாம் இதுல இருக்குது." அந்த அம்மா படித்துக்கொண்டிருக்கும்போதே மேலும் சொன்னார்: "யாரோ எனக்கு வேல போயிடக்கூடாதுன்னு எழுதியிருக்காங்கம்மா. எம்மேல இருக்கற பிரியத்துல பண்ணது. அவுங்கள ஒண்ணும் பண்ணிடாதீங்க. தப்பு என்னுது."

இயக்குநர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்தது. வேலை வேறு ஆய்வகத்துக்குப் போனது. இயக்குநர் என்னை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். நகல் தயாரித்தது நான் மட்டுமே என்று எழுதிக் கொடுத்தேன், அதுவும் உண்மைதானே. பெண் வீட்டில் நிச்சயத்தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். படகுக்கு வாடகை இல்லாமல்போய் முதலாளி அதை விற்றார், மெக்கானிக்கும் வேலையிழந்தார் என்று டிரைவர் போனில் சொன்னார். "போறப்ப ஒண்ணு சொல்லிட்டுப் போனான் தம்பி. தனக்காக எழுதின புள்ளய தானே காட்டிக் குடுத்துட்டேன்னு." நான் போனை வைத்துவிட்டேன். அப்புறம் அந்த நம்பரை எடுக்கவே இல்லை.

பண்ருட்டியில் ஒரு தண்ணீர் கேன் கம்பெனியில் சேர்ந்தேன். காலையில் தண்ணீரைச் சோதித்து அட்டையில் எழுதவேண்டும். சோதிக்காமலே எழுதலாம், யாரும் கேட்க மாட்டார்கள். எல்லா நாளும் சோதித்தேன் என்று சொல்லமாட்டேன்.

2012இல் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம், சிதம்பரத்தில் ஒரு மண்டபம். அந்த வருஷம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டர் இல்லாமல் எந்தக் கல்யாணமும் நடக்காது. முகூர்த்தம் முடிந்து, புழுக்கம் தாங்காமல் பின்பக்கம் வந்தேன். டெம்போவில் ஏற்றிய வாடகை ஜெனரேட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் முக்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். முடி வெளுத்திருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று காலெடுத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"தம்பி!"

எழுந்து வேகமாக வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஜெனரேட்டர் சத்தத்தில் கிட்டத்தில் வந்து பேசவேண்டியிருந்தது. "ஒங்கள எங்கெல்லாம் தேடினேன். லாட்ஜிலகூட வந்து கேட்டேன். என்ன மன்னிச்சிடணும் தம்பி. எனக்காக எழுதினீங்க. நாலு பேருக்கு முன்னாடி என் வாயாலயே ஒங்க வேலயக் கெடுத்துட்டேன். கல்யாணமும் நின்னுடுச்சாமே. என்னா பண்றது, அந்தம்மா கேட்டதும் வாய்ல வந்துடுச்சு."

இத்தனை வருஷமாக அவர் இதைச் சுமந்துகொண்டிருந்தார். நான் ஒருநாள்கூட அவரை அப்படி நினைத்ததில்லை. பக்கத்துத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணே, அது ஒங்களுக்காக எழுதல."

"என்னா?"

"ஒங்களுக்காக எழுதல. என் வேலைக்காக எழுதினேன். ஒங்க வேலைக்கு ஆபத்துன்னு யாருமே சொல்லல. நீங்களா நெனச்சிக்கிட்டீங்க, நான் ஆமான்னுட்டேன். அன்னிக்குப் படகுல நான் பாத்துக்கறேன்னு சொன்னேனே, அதுவும் பாக்கல. சத்தம் மாறினது காதுல வுழுந்துது. படுத்தே கெடந்தேன்."

அவர் நின்றபடியே கேட்டார். முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. "நீங்க பாத்துக்கறேன்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்குது. அதுக்காக நான் தூங்கல. தூக்கம் வந்துது, தூங்கினேன். தண்ணி பாக்கறது என் வேல" என்றார். பிறகு, "மத்தது..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். முக்காலிக்குப் போய் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொல்லியிருக்கலாம்."

"ஒரு போன் போட்டுக் குடுத்தா எம் பொண்டாட்டிகிட்ட இதச் சொல்றீங்களா? நான் சொன்னா அவ நம்பமாட்டா. பழியத் தட்டிக் கழிக்கறேன்னுதான் நெனப்பா."

ஜெனரேட்டர் சத்தம் கேட்காத தூரத்துக்கு, சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். எண்ணைப் போட்டு, "அந்தத் தம்பி பேசறாரு" என்று சொல்லி என்னிடம் கொடுத்தார்.

"யாரு, செதம்பரத்துத் தம்பியா?" என்றார் அவர் மனைவி. குரலில் சந்தோஷம் இருந்தது. அது இருக்கும்போதே சொல்லிவிடவேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அன்று வீட்டுக்கு வந்தது எதற்கு என்பதைச் சொன்னேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

"அந்தாளு சாப்புட ஒக்காரும்போதெல்லாம் சொல்லிக் காட்டினேனே தம்பி" என்றார். "வூட்டுக்காகக்கூட அவ்ளோ பேசினதில்ல. இதுக்குத்தான் பேசினேன். நம்பி வந்த புள்ளயக் கெடுத்தவனுக்குச் சோறு எப்பிடி எறங்குதுன்னு. பாதியில எழுந்து போயிடும்."

மன்னிப்புக் கேட்டேனா என்பதுகூட இப்போது நினைவில்லை.

"போன அவருகிட்ட குடுங்க."

அவர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். வெகுநேரம் கேட்டார். "ம்" என்றார். "சரி, வுடு. அழுவாத" என்றார். மறுபடி "ம்" என்றார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பியபோது மண்டபத்துக்குள் கரண்ட் வந்து ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். அவர் போய் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"பசிக்குது. சாப்டீங்களா?" என்றார்.

கடைசிப் பந்தி. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். என் இலையில் போட்டது போட்டபடி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, சோற்றுக் கையாலேயே சாடை காட்டினார், சாப்பிடு என்று.